மூட்டை சுமந்தவன் பாட்டு மேடை ஏறிய கதை

(நமது சாலை நிருபர்)

சாலைக் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு நின்றால், வியாபாரச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்கும். தலையில் மூட்டையோடு வருகிற சுமட்டுத் தொழிலாளி வழி கேட்கும் குரல் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் இந்தச் சந்தையை ஏற்படுத்திய நாள் முதல், அரிசியும் பருப்பும் வெல்லமும் தோவாளைப் பூவும் யாரோ ஒருவருடைய தலையில் ஏறித்தான் கடைக்குள் போயிருக்கின்றன. மாலையில் கிழக்கே கோட்டைப் பக்கம் போனால், முதுகில் கிட்டார் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவர்களைக் காணலாம். மூட்டைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. அதுவும் நெருங்கிய சம்பந்தம்.

இன்றைய இளைஞர்கள் விரும்பிக் கேட்கிற ராக் சங்கீதத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், நாம் போய்ச் சேருமிடம் ஒரு பருத்தி வயல், ஒரு படகுத்துறை, ஒரு ரயில்வே லைன். அங்கே மூட்டை சுமந்தவர்களும், கரை கட்ட மண் வெட்டியவர்களும், தண்டவாளம் நகர்த்தியவர்களும் பாடிய பாட்டிலிருந்து பிறந்ததுதான் 'ப்ளூஸ்'. அந்த ப்ளூஸ் பெற்ற பிள்ளைதான் ராக்.

வீட்டுப் பையன் செல்போனில் ராக் பாட்டை வைத்தால் "என்னடா இரைச்சல்!" என்று சத்தம் போடாத தகப்பனார் நம்மில் அபூர்வம். அந்த இரைச்சலுக்குள்ளே நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரருடைய குரல் இருக்கிறது. அது எப்படி உள்ளே வந்தது, அந்தக் குரலுக்கு உரியவருக்கு என்ன கிடைத்தது, நம் திருவனந்தபுரத்தில் அதற்கு இணையாக என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

நீலம் என்றால் துயரம்

இங்கிலீஷில் நீல நிறத்தைக் குறிக்கும் சொல்லுக்கு மனச்சோர்வு என்றும் ஒரு பொருள் உண்டு. அதிலிருந்து வந்த பெயர்தான் ப்ளூஸ். அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் பாடியது இது. 1865இல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய எஜமானிடமே இருந்தது. இவர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் எஜமானின் கடையில் கடன் சொன்னார்கள். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மிஞ்சியது கடன் மட்டுமே. வாரமும் கடனும் நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயங்கள் அல்ல.

பாட்டுக்குப் பொருளும் அதுவேதான். கூலி, கடன், வெள்ளம், ஜெயில், விட்டுப்போன மனைவி, ஊரை விட்டுப் போகிற ரயில். துயரத்தைப் பாடினாலும் இது வெறும் அழுகைப் பாட்டு அல்ல. எஜமானைக் குத்துகிற கேலியும், தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிற துணிச்சலும் அதில் உண்டு.

ரயில்வேக்காரர்களுக்கு இந்தக் கதையில் தனி உரிமை இருக்கிறது. சுமார் 1903இல், மிசிசிப்பி மாகாணத்தில் டட்வைலர் என்ற சின்ன ஸ்டேஷனில், டபிள்யூ. சி. ஹாண்டி என்ற பாண்டு வாத்தியக் குழுத் தலைவர் தாமதமாகி விட்ட ரயிலுக்காகக் காத்துக் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் கந்தல் உடுத்த ஒருவர், கிட்டார் நரம்பின் மேல் ஒரு கத்தியை வழுக்கி வழுக்கி இழுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கே சந்திக்கும் ஊருக்குப் போவதைப் பற்றிய பாட்டு. அதுவரை தாம் கேட்டிராத விசித்திரமான சங்கீதம் என்று ஹாண்டி 1941இல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதினார்.

ஹாண்டி அந்த மாதிரிப் பாட்டுகளை நோட்டில் எழுதி 1912இலும் 1914இலும் அச்சிட்டு வெளியிட்டார். அவருக்கு 'ப்ளூஸின் தந்தை' என்ற பட்டமே கிடைத்தது. பிளாட்பாரத்தில் பாடிய அந்த மனிதரோ அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லாமலே நிற்கிறார். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆமா போடும் கிட்டார்

ப்ளூஸின் அமைப்பு நமக்கு அந்நியமானது அல்ல. பாடகர் ஓர் அடியைப் பாடுவார். அதே அடியை இன்னொரு தரம் பாடுவார். மூன்றாவது அடியில் அதற்குப் பதிலோ முடிவோ வரும். ஒவ்வோர் அடி முடிந்ததும் பாடகர் நிறுத்துவார். அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும்.

குமரி மாவட்டத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். புலவர் வில்லைத் தட்டி ஓர் அடியை எடுத்துப் பாடுகிறார். குடக்காரரும் உடுக்கைக்காரரும் பின்பாட்டுக்காரரும் 'ஆமா' போட்டு அந்த அடியை வாங்கிக்கொள்கிறார்கள். ப்ளூஸில் அந்த 'ஆமா'வைக் கிட்டார் போடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில்வே லைனிலும் இதே கதைதான். அமெரிக்காவில் தண்டவாளத்தை நேர்ப்படுத்தும் கேங்குக்கு ஒரு பாட்டுக்காரர் இருப்பார். அவர் அடி எடுத்துக் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சில் கடப்பாரையைப் போட்டு நெம்புவார்கள். நம் கேங்மேன்கள் 'ஐலசா' போட்டுத் தண்டவாளம் நகர்த்தியதும் அதே காரணத்துக்காகத்தான். பத்துப் பேர் பலம் ஒரே நொடியில் விழ வேண்டுமென்றால் தாளம் வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது மெஷின் செய்கிறது. வேலை போன இடத்தில் பாட்டும் போய்விட்டது.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விளக்கமும் சொல்லலாம். ப்ளூஸிலும் ராக்கிலும் கிட்டார்க்காரர்கள் அதிகமாக வாசிக்கிற ஐந்து சுரங்கள், நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களேதான். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நரம்பை இழுத்துப் பிடித்து ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது புதிதல்ல. பக்க பலமாக வருகிற ஒலிக்கூட்டுகளும் மூன்றே மூன்று: ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் இவற்றின் மேல் எழுபவை. 12 தாள வட்டத்தில் இந்த மூன்றும் முறை வைத்து வந்து முடியும். இவ்வளவு எளிய சட்டம் என்பதால்தான் எழுத்தறியாதவரும் அதில் பாட்டுக் கட்ட முடிந்தது. எந்தத் தேசத்துக்காரரும் அதை எடுத்துக்கொள்ளவும் முடிந்தது.

ரயில் ஏறிய பாட்டு

பாட்டு வயலிலேயே இருந்திருந்தால் வயலோடு போயிருக்கும். பிழைப்புத் தேடிப் போனவர்கள் அதைக் கூடவே எடுத்துப் போனார்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிசிசிப்பிக்காரர்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஏறிச் சிகாகோவில் இறங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் மக்கின்லி மார்கன்ஃபீல்டு. 'மடி வாட்டர்ஸ்' என்ற பெயரில் பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்றவர். தோட்டத்தில் டிராக்டர் ஓட்ட இவருக்கு மணிக்கு 22½ சென்ட் கூலி. 25 சென்ட் வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றார்கள். 1943இல் ரயில் ஏறிவிட்டார். சிகாகோவில் காகித ஆலையில் வேலை. அப்புறம் லாரி ஓட்டும் வேலை. இரவில் மதுக்கடைகளில் பாட்டு. அந்தக் கடைகளின் கூச்சலில் சாதாரணக் கிட்டார் எடுபடவில்லை. ஆகவே எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். வயலின் பாட்டு தொழிற்சாலை நகரத்தின் சத்தத்துக்கு ஏற்றபடி மாறியது இப்படித்தான். இவருடைய பாட்டுகளை இசைத்தட்டாக்கிய செஸ் கம்பெனியின் உரிமையாளர்களான சகோதரர்கள் இருவரும் போலந்திலிருந்து குடியேறியவர்கள். வந்தேறிகள் பாட, வந்தேறிகள் தட்டு அடித்தார்கள்.

அந்தத் தட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், மிக் ஜாகர் என்ற கல்லூரி மாணவர் கையில் மடி வாட்டர்ஸ் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பழைய பள்ளித் தோழர் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். மடி வாட்டர்ஸ் 1950இல் பாடிய ஒரு பாட்டின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். அதுதான் 'ரோலிங் ஸ்டோன்ஸ்'. ப்ளூஸை வெளியுலகம் கேட்டதும் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில். அது ராக் ஆகப் புறப்பட்டதும் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில்!

இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் பலரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி ஐயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் மெஷினில் போயின. இடக்கையால் மீட்டுகிறவர் அவர். நரம்பை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்துகொண்டு வாசித்தார். வலி தெரியாமலிருக்க நாளடைவில் நரம்பைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். ப்ளூஸ் வாசித்துக் கிளம்பிய அவர் குழு 'பிளாக் சப்பாத்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தக் கனத்த நாதம்தான் 'ஹெவி மெட்டல்' என்ற புதிய வகைக்கு அஸ்திவாரம்.

இன்றைக்கும் ஓயவில்லை

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் ப்ளூஸ் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் எழுபது வயது தாண்டிய பிறகு, 2016இல், முழுக்க முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகளையே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். 'பிளாக் கீஸ்' என்ற ராக் குழுவும் 2021இல் மிசிசிப்பி மலைக்காட்டுப் பாட்டுகளை மட்டும் கொண்டு ஓர் ஆல்பம் செய்தது. மடி வாட்டர்ஸ் ரயிலேறிய கிளார்க்ஸ்டேல் வட்டாரத்தில் 1999இல் பிறந்த கிறிஸ்டோன் இங்ராம் என்ற இளைஞர், தம் ஊரின் டெலிபோன் கோடு எண்ணான 662 என்பதையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்து, 2022இல் கிராமி பரிசு வாங்கினார். சகாரா பாலைவனத்து 'டினாரிவென்' குழுவினர் அகதி வாழ்க்கையைக் கிட்டாரில் பாடி 2012இல் அதே பரிசைப் பெற்றார்கள். 2025இல் வந்த 'சின்னர்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் கதையே 1932ஆம் வருட மிசிசிப்பி ப்ளூஸைச் சுற்றித்தான்.

நம் நாட்டிலும் உண்டு. 2003இல் ஷில்லாங்கில் தொடங்கிய 'சோல்மேட்' குழு ப்ளூஸையே தொழிலாகக் கொண்டது. 2011இல் மும்பையில் தொடங்கிய ப்ளூஸ் விழாவுக்குச் சிகாகோவின் மூத்த கலைஞர் படி கை நேரில் வந்து பாடினார்.

கூலி யாருக்கு?

கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. மூட்டை ஏற்றி இறக்க இன்ன கூலி என்று பேச இடம் உண்டு; தகராறு வந்தால் கேட்க ஆள் உண்டு. பாட்டு சுமந்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆர்தர் கிரடப் என்ற விவசாயக் கூலி 1946இல் பாடிய பாட்டைத்தான், எல்விஸ் பிரெஸ்லி 1954இல் தம் முதல் இசைத்தட்டாகப் பாடினார். பிரெஸ்லி கோடீசுவரர் ஆனார். கிரடப்போ பாட்டை விட்டுவிட்டு மறுபடியும் கூலி வேலைக்குப் போனார். தமக்குச் சேர வேண்டிய பணத்துக்காகப் பல வருஷம் போராடியும் கைக்கு வராமலே 1974இல் காலமானார்.

வில்லி டிக்ஸன் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. அவர் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டின் அடிகள், 'லெட் செப்பெலின்' குழு 1969இல் வெளியிட்ட பாட்டுக்குள் இருந்தன. தட்டில் அவர் பெயர் இல்லை. 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசமானது, பின்னாளில் பாட்டில் அவர் பெயரும் ஏறியது. டிக்ஸன் தம் குடும்பத்தோடு நடத்திய அறக்கட்டளை, பழைய பாடகர்களுக்கு அவர்களுடைய பாட்டுரிமையை மீட்டுத் தரும் வேலையைக் கையில் எடுத்தது.

டிக்ஸனால் வழக்குப் போட முடிந்தது ஏன்? அவர் பெயர் எழுத்தில் இருந்தது. டட்வைலர் பிளாட்பாரத்தில் பாடியவருக்கு ஏன் ஒன்றும் இல்லை? பெயர் எழுதப்படவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

தைக்காட்டிலிருந்து கிட்டாருக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 2003இல் திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கினார்கள். அதுவரை நம் நாட்டு ராக் குழுக்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பாடின. இவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். பல காய்கள் சேர்ந்த பண்டத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்: 'அவியல்'. டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன் புத்தன்வீட்டில், பின்னி ஐசக் ஆகியோர் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆல்பம் கேரள இளைஞர்களிடையே பெரிய பரபரப்பை உண்டாக்கியது. 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற மலையாளப் படத்திலும் அவர்கள் பாட்டு வந்தது.

அந்த ஆல்பத்தில் காவாலம் நாராயணப் பணிக்கரின் பாட்டு ஒன்று நாட்டுப்புற வாசனையோடு இருக்கிறது. தமிழர்களான நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு பாட்டை. அதன் பெயர் 'ஆடு பாம்பே'. ஸ்ரீ நாராயண குரு இயற்றிய குண்டலினிப் பாட்டு அது. உடம்புக்குள் உறங்கும் சக்தியைப் பாம்பாகக் கண்டு, அதை எழுந்து ஆடச் சொல்லுகிற பாட்டு.

பெயரைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு வேறொருவர் ஞாபகம் வரும். பாம்பாட்டிச் சித்தர்! அவருடைய பாடல்கள் ஒவ்வொன்றும் பாம்பை ஆடச் சொல்லித்தான் முடியும். தெருவில் மகுடி ஊதிப் பிழைக்கிற ஏழையின் வாய்மொழியைச் சித்தர் ஞானத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த மரபு மலையாளக் கரைக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஓர் அடையாளம் நம் ஊரிலேயே இருக்கிறது.

தைக்காட்டில் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பிரண்டு வேலை பார்த்த அய்யாவு சுவாமிகள் தமிழர். பகலில் ஆபீஸ் உத்தியோகம். மற்ற நேரத்தில் யோகமும் ஞானமும். அவரிடம் யோகம் பயின்றவர்களில் சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் உண்டு என்று அவர்களுடைய வரலாறுகள் சொல்கின்றன. குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தமிழிலேயே பதிகங்கள் பாடியிருக்கிறார். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். செம்பழந்தியில் 1856இல் பிறந்த அவர் தமிழ்ச் சித்தர் வாக்கை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். சுமார் நூறு வருஷம் கழித்து அதே ஊர்ப் பையன்கள் அதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் கட்டினார்கள்.

சங்கீத விஷயத்தில் அவியலின் பாட்டை ப்ளூஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வந்த வழி ப்ளூஸ் வந்த வழியேதான். ஏழை வாயில் பிறந்து, மொழி மாறி, ஊர் மாறி, வாத்தியம் மாறி, உயிர் மட்டும் மாறாமல் வந்த வழி. இங்கே ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. குருவின் பாட்டைச் சீடர்கள் எழுதிக் காப்பாற்றினார்கள். ஆகவே நூறு வருஷத்துக்குப் பிறகும் அது குருவின் பாட்டு என்றே அறியப்படுகிறது.

தோட்டத்துப் பாட்டி

பருத்தித் தோட்டத்துக்கு ஈடாக நமக்குத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பாட்டுகள் அக்காலத்தில் பேர்போனவை. அண்ணன் பின்னால் ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகத் திரிந்த தம்பிதான் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அவர் நாட்டுப்பாட்டை சினிமாவுக்குள் கொண்டுவந்த சரித்திரம் வாசகர்களுக்குத் தெரிந்ததே.

இன்றைய தலைமுறையில், 2018 ஜனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. சாவு வீட்டில் ஒலித்த பறையும், வடசென்னைக் கானாவும், ராக் கிட்டாரும் அங்கே ஒரே மேடையில் நின்றன. துக்க வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாவைவிட ப்ளூஸுக்கு நெருங்கிய உறவினர் நம்மிடம் வேறில்லை எனலாம்.

அந்தக் குழுவின் அறிவு, 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்கு வரிகள் எழுதி, தீயோடு சேர்ந்து பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்கு ஊற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறை அவர்களுடையது. 1964 ஒப்பந்தப்படி அப்படித் திரும்பியவர்களுக்காகவே நமக்குப் பக்கத்தில் புனலூரில் ரப்பர்த் தோட்டம் ஏற்பட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

பாட்டு உலகமெங்கும் ஓடியது. கூடவே பெயர்ப் பிரச்னையும் வந்தது. 2021இல் ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில் அறிவு இல்லாதது கண்டனத்துக்கு உள்ளானது. பிறகு அவர் படத்தோடும் ஓர் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு பாடப்பட்டபோது, யாருடைய பங்கு எவ்வளவு என்று இரு தரப்பும் பகிரங்கமாகப் பேசும்படி ஆயிற்று. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சொன்னார். நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் மிசிசிப்பியில் கேட்ட கேள்வியே எழுபது எண்பது வருஷம் கழித்துச் சென்னையிலும் கேட்கப்படுகிறது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

2012இல் நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, சினிமாப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாயிற்று. எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை நிற்கும். எல்லாம் சரி. ஆனால் எழுதியவர் யார் என்று தெரிந்தால்தானே சட்டம் அவரைத் தேடி வரும்? யாருடையது என்று தெரியாத பாட்டை எடுத்துக்கொள்கிறவரைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது.

சாலையில் என்ன இருக்கிறது?

சாலையிலும் ஆரியசாலையிலும் கரமனையிலும் மணக்காட்டிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவும் நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்தவை. செங்கோட்டை வழியாக வந்தவர்கள் உண்டு. 1979இல் நாகர்கோவில் லைன் திறந்த பிறகு ரயிலேறி வந்தவர்கள் உண்டு. பெட்டி படுக்கையோடு அவர்கள் கொண்டுவந்தவற்றில் பாட்டும் ஒன்று. இரவிக்குட்டிப் பிள்ளை போர்க்கதை பாடத் தெரிந்த முதியவர். முத்துப்பட்டன் கதையை வரிசை தவறாமல் சொல்லத் தெரிந்தவர். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடுகிற ஆச்சி. ஒரு தெருவில் இப்படி ஒருவராவது இருப்பார்.

பேரப்பிள்ளைகள் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். அதில் தவறில்லை, பிழைப்புக்கு வேண்டியதுதான். அவர்களே நாளைக்கு ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டு, நம்முடையது என்று எதையாவது வாசிக்க ஆசைப்படுவார்கள். அவியல் பையன்கள் ஆசைப்பட்டது போல, இங்ராம் ஆசைப்பட்டது போல. அப்போது எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆச்சியை உட்காரவைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். பாட்டு தொடங்கும் முன்பு, பாடுகிறவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றது, எந்த வேலைக்குப் பாடியது, இன்றைய தேதி ஆகிய ஐந்தையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் அதையே எழுதியும் வைக்க வேண்டும். நம் ஊர்த் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவில் கோலப் போட்டியோடு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பாட்டுக்குக் கூலி நிர்ணயிக்க நம்மால் ஆகாது. பாடினவர் பெயரை எழுதி வைக்க ஆகும். டட்வைலர் ஸ்டேஷனில் அன்று ரயில் பல மணி நேரம் தாமதம். ஒரு பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.